நனையக் கூடாதென்று

தாய்லாந்தின் சோங்க்ரான் தண்ணீர்த் திருவிழாவில் தன் நாய் துவா நனைந்துவிடக் கூடாதென்றுதான் ரட்சனி அதைத் தகரக் கூரை அறையில் பூட்டிவிட்டு ஓட்டல் வேலைக்குப் போனாள். நடுவில் கரண்ட் போய் ஃபேன் நின்றது அவளுக்குத் தெரியாது. திரும்பி வந்து கதவைத் திறந்தால், துவா காலைப் பரப்பிக்கொண்டு கிடந்தது. தொட்டால் அடுப்பில் வைத்த சட்டி மாதிரிக் கொதித்தது.

மிருக ஆஸ்பத்திரி சியாங் மாய் நகர அகழிக்கு அந்தப் பக்கம். கணவன் விரோட் பைக்கை எடுத்தான். அகழிச் சாலைக்கு வந்ததும் திருவிழாக் கூட்டத்தில் வண்டி நின்றே போனது. பின்னால் ரட்சனியின் மடியில் கிடந்த நாய்க்கு நாக்கு கறுத்துக்கொண்டு வந்தது.

"வழி விடுங்கடா, கண்ணு அவிஞ்சா போச்சு?"

தண்ணீர்ப் பீப்பாய் ஏற்றிய வண்டியிலிருந்து ஒருவன் சிரித்தபடி வாளியைத் தூக்கினான். "கோவப்படாதீங்கக்கா. இன்னிக்கு யாரும் தப்பிக்க முடியாது."

"ஊத்திப் பாரு, கையை ஒடிச்சிடறேன்."

விரோட் திரும்பினான். "அடி லூசு, ஊத்தச் சொல்லுடி."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நாயைத் தரையில் கிடத்தினாள். "தம்பி, இது மேல ஊத்துப்பா. வயித்துல, கால்ல. மூக்குல மட்டும் படாம."

அவன் சிரிப்பு நின்றது. வாளி வாளியாக வந்தது. யாரோ வண்டியில் அலறிய பாட்டை நிறுத்தினார்கள். பீப்பாய் பாதி காலியாகியும் துவா அசையவில்லை. பிறகு நாக்கு மெல்ல நீண்டு, தரையில் ஓடிய தண்ணீரை ஒருமுறை நக்கியது.

"போதுமாக்கா?"

"நிறுத்தாதப்பா," என்று அவன் காலைப் பிடித்துக்கொண்டாள் ரட்சனி. "நனையட்டும். நல்லா நனையட்டும்."