முகத்துக்கு மட்டும்

தஸ்லிமுக்கு முப்பத்து நான்கு வயது. முகப்பருவெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வருவது என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். இருபத்தெட்டில் தாடையோரம் கிளம்பியவை ஆறு வருடமாக அடங்கவில்லை. தோலுக்கு அடியில் கொட்டை கொட்டையாகக் கட்டிக்கொண்டு, வாயை அகலத் திறந்தாலே வலித்தன. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஒரு கிரீம் முதல் மாதம் நன்றாகக் கேட்டது. நிறுத்தியதும் பருக்கள் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தன. தோலும் மெலிந்துபோய் வெயில் பட்டால் எரிந்தது.

டாக்டர்களைப் பார்க்காதவள் இல்லை அவள். கல்யாணமான ஒன்பது வருடத்தில் குழந்தைக்காகக் கிருஷ்ணகிரியில் ஒன்று, பெங்களூரில் இரண்டு என்று மூன்று ஆஸ்பத்திரி ஏறி இறங்கியாயிற்று. இரண்டு முறை கரு தங்கியது. இரண்டும் மூன்றாம் மாதத்துக்குள் கலைந்துபோயின. ஒவ்வொரு இடத்திலும் முகத்தைக் காட்டிக் கேட்டாள். "குழந்தை உண்டானா அதுவே சரியாயிடும்மா" என்றுதான் சொன்னார்கள்.

ஓசூரில் மோட்டார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில், ஸ்டோர்ஸில் அவளுக்கு வேலை. வார விடுமுறை நாள் ஒன்றில், கணவன் சமியுல்லாவிடம்கூடச் சொல்லாமல், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்த தோல் டாக்டரிடம் போனாள். டாக்டர் சுஜாதா முக்காட்டை விலக்கச் சொல்லி, விளக்கைப் பக்கத்தில் இழுத்து, விரலால் தாடையை மெதுவாகத் தடவிப் பார்த்தார்.

"ரொம்ப வலிக்குமே இது?"

தஸ்லிமுக்குக் கண் நிறைந்துவிட்டது. வலிக்குமா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

மாதவிலக்கு தள்ளித் தள்ளி வருகிறதா, மோவாயில் முடி முளைக்கிறதா என்று விசாரித்து, பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டுகளையும் புரட்டினார் டாக்டர்.

"இது ஹார்மோனால வர்றது. மேல பூசினா மட்டும் அடங்காது. மாத்திரை இருக்கு. குணம் தெரியவே மூணு மாசம் ஆகும், ஒரு வருஷமாவது சாப்பிடணும். ஆனா அதைச் சாப்பிடறப்ப கர்ப்பம் ஆகக் கூடாது. வயித்துல இருக்கற குழந்தையைப் பாதிக்கும். நீங்க குழந்தைக்குப் பார்த்துக்கிட்டு இருக்கீங்களா?"

ஆமாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். வரவில்லை. "முகத்துக்கு மட்டும்தான் வந்தேன், டாக்டர்" என்றாள்.

டாக்டர் ரிப்போர்ட்டுகளை மூடி அவளிடமே தந்தார். "அவசரமில்லைம்மா. குழந்தைக்குப் பார்க்கறவங்களும் பூசற மருந்து ஒண்ணு எழுதறேன். அது பாதிதான் கேக்கும். மாத்திரை வேணுமான்னு வீட்ல பேசிட்டு வாங்க."

பாகலூரில் ரோஜாத் தோட்டக்காரர்களுக்கு அட்டைப்பெட்டி விற்பது சமியுல்லாவின் வியாபாரம். தஸ்லிம் நேராகக் கடைக்கே போனாள். மாமியார் முனவர் பேகத்தின் காதுபட வீட்டில் பேசக்கூடிய பேச்சா அது? ஒரு வாடிக்கைக்காரரைத் தெலுங்கில் பேசி அனுப்பிவிட்டு வந்தவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஒரு வருஷமா? பருவுக்காகவா?" என்றான் அவன். "அடுத்த மாசம் பெங்களூர்ல ஊசி ஆரம்பிக்கணும்னு நாள் வாங்கியிருக்கோம். அம்மாகிட்ட என்னன்னு சொல்றது?"

"எனக்கு ஊசி வேணாங்க."

"இந்தத் தடவை மட்டுமா?"

"இனிமேலே வேணாம்."

சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டாள். சமியுல்லா அட்டைக் கட்டின் மேல் பொத்தென்று உட்கார்ந்தான்.

"இத்தனை நாளா ஏன் வாயைத் திறக்கலை நீ?"

"ஒவ்வொரு தடவையும் கடையைச் சாத்திட்டுக் கூடவே வந்தீங்க. எப்படிச் சொல்றது?"

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. இரண்டாவது கலைந்த அன்றுகூட அவன் அழுது அவள் பார்த்ததில்லை. பக்கத்தில் போய் நின்றாள். தொடலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. வெளியே யாரோ பெட்டி கேட்டுக் குரல் கொடுத்தார்கள். அவன் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன்" என்று போனான்.

பத்து நாள் கழித்து இருவருமாக டாக்டரிடம் போனார்கள். ரத்தப் பரிசோதனையும் பி.பி.யும் பார்த்து டாக்டர் மாத்திரை எழுதினார். கரு தங்காமலிருக்க என்ன செய்ய வேண்டும் என்பதை இருவரையும் உட்கார வைத்தே சொன்னார்.

முனவர் பேகம் ஒரு மாதம் மருமகளிடம் முகங்கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒரு நாள், கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், "எனக்குக் கொடுத்து வைக்கலை" என்று மட்டும் சொன்னாள். தஸ்லிம் தானும் உட்கார்ந்து கீரையில் பாதியை எடுத்துக்கொண்டாள்.

முதல் இரண்டு மாதம் ஒரு மாற்றமும் இல்லை. தலைசுற்றியதுதான் மிச்சம். மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடலாமா என்றிருந்தது. நாலாம் மாதம் கட்டிகள் வற்ற ஆரம்பித்தன. ஆறாம் மாதம் வலியே இல்லை. தழும்பும் கருப்பும் மட்டும் தங்கிவிட்டன. சிலது போகவே போகாது என்று டாக்டர் மறைக்காமல் சொல்லிவிட்டார்.

ஒரு மதியம் கம்பெனி கேன்டீனில், கூட வேலை செய்யும் ரேவதி அவள் எதிரே தட்டை வைத்துவிட்டு உற்றுப் பார்த்தாள். "அக்கா, மூஞ்சி என்னமா தெளிஞ்சிருக்கு! ஏதாவது விசேஷமா?"

பக்கத்து மேசையில் இரண்டு பேர் திரும்பினார்கள்.

"இல்ல ரேவதி. அதெல்லாம் பார்க்கறதை நிறுத்திட்டோம்" என்றாள் தஸ்லிம். "முகத்துக்கு வைத்தியம் பண்ணிக்கிட்டேன்."

வெளியாள் ஒருத்தியிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. பாதித் தட்டோடு எழுந்து கை கழுவப் போனாள்.