வாய்க்கு வராத பெயர்

கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. பெட்டியின் மேல் ஒட்டியிருந்த அட்டையில் தாயின் படுக்கை எண்ணும், அதற்குக் கீழே 'பெண்' என்ற ஒரு சொல்லும் மட்டும்தான் இருந்தன. அவசரக்காரி. மூச்சு விடும் பழக்கத்தைக்கூட முழுசாகக் கற்றுக்கொள்ளாமல் மாதம் நிறையுமுன்னே வந்து சேர்ந்துவிட்டாள். திடீரென்று மூச்சு விட மறந்துபோவாள். பக்கத்துக் கருவி கீச் கீச்சென்று கத்தும். நர்ஸ் ஓடிவந்து உள்ளங்காலைச் சுண்டினால், அட ஆமாம் என்று நினைவு வந்தவள் மாதிரி மறுபடி விடுவாள். அதை ஒருமுறை கண்ணால் பார்த்ததிலிருந்து அவளுடைய அப்பா எங்கே கீச்சென்று சத்தம் கேட்டாலும் திரும்பிப் பார்த்தார்.

அப்பாவை அச்சகத்தில் பிழையார் என்பார்கள். அகராதிகளுக்கும் பழைய நூல்களின் உரைகளுக்கும் மெய்ப்புப் பார்ப்பது அவர் வேலை. ஓர் ஒற்று கூடினாலும் குறைந்தாலும் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு சண்டைக்குக் கிளம்பிவிடுவார். இப்படிப்பட்ட மனிதருக்கு ஆண்டவன் ஒரு குசும்பு செய்திருந்தான். அவர் நாக்குக்கு ழகரம் வராது. எழுதுவது பிழை, சொல்வது பிளை. நாக்கை எப்படி மடக்கினாலும் ளகரம்தான் வந்து விழும். அதனாலேயே அந்தப் பட்டப்பெயர். பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்புச் சொல்லிக்கொண்டிருந்த ஒருத்தியின் ழகரத்தைக் கேட்டுக் கிறங்கிப்போய், ஊர்ப் பெயரைச் சரியாகக் கேட்காமல் வேறு பேருந்தில் ஏறி, திரும்பி வந்து அவளையே கட்டிக்கொண்டார்.

அன்று காலை டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போயிருந்தார்: "இனிமே பக்கத்துல நின்னு பேசுங்க. பேர் சொல்லிக் கூப்பிடுங்க. பழகின குரல் கேட்டா பிள்ளைங்க நல்லாத் தேறும்."

மனைவி மாடி வார்டில் கிடந்தாள். அறுவையில் ரத்தம் நிறையப் போயிருந்தது. எழுந்து உட்கார்ந்தாலே தலை சுற்றியது, ஆகவே கூப்பிடும் வேலை அவர் தலையில் விழுந்தது. கூப்பிடப் பெயர் வேண்டுமே!

"நங்கைன்னு வைப்பமா?" என்றாள் மனைவி. அவளுக்குப் பழைய சொல்தான் வேண்டும். கர்ப்பமான நாளிலிருந்தே அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நம் கைன்னும் பிரியும். நம்ம கையில என்னம்மா இருக்கு?"

"சரி, பிறை?"

"தேயும்."

"எழினி?"

"திரைன்னு அர்த்தம். இறங்கினா எல்லாம் முடிஞ்சுது."

"அணங்கு? நீங்கதானே தெய்வப்பெண்ணுன்னு சொன்னீங்க?"

"அடுத்த வரியில நோய்னு போட்டிருக்கும்மா!"

அகராதி பார்த்துப் பார்த்து அவருக்கு இப்படி ஒரு சாபம். எந்தச் சொல்லைத் தொட்டாலும் அதன் அடியில் சுருண்டு கிடக்கும் இன்னொரு அர்த்தம் தலையை நீட்டும். சும்மா நீட்டவில்லை, காரணம் இருந்தது. இவர்களுடைய முதல் குழந்தைக்குப் பனிமலர் என்று பெயர் வைத்தவர் அவர்தான். ஆசை ஆசையாகத் தேடி வைத்தார். அவள் தங்கவில்லை. வெயில் ஏறினால் பனி போய்விடும் என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே, எனக்குத் தெரியாமல் போச்சே என்று அன்றிலிருந்து உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. டாக்டர்கள் சொன்ன காரணம் அவர் காதில் ஏறவே இல்லை.

 அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று மனைவிக்கா தெரியாது?

"விழி," என்றாள். "கண்ணு. அவ இன்னும் கண்ணே திறக்கலையாமே. விழின்னு கூப்பிட்டா பேரைச் சொன்ன மாதிரியும் ஆச்சு, முழிச்சுக்கடின்னு சொன்ன மாதிரியும் ஆச்சு."

பிழையார் அந்தச் சொல்லை மனசுக்குள் புரட்டிப் பார்த்தார். கண். விழிப்பு. அறிவு. மேலே தேடினார், கீழே தேடினார். ஒரு கெட்ட அர்த்தமும் சிக்கவில்லை. பல நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. "ரொம்ப நல்ல பேரு," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

படிக்கட்டில் பாதி இறங்கியதும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்வோமே என்று வாயைத் திறந்தார்.

"விளி."

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.  விளிதல் என்றால் இறத்தல். போன மாதம்தான் அந்தப் பக்கத்துக்கு மெய்ப்புப் பார்த்திருந்தார். விழி என்று எழுதினால் கண் திற. அவர் வாயால் விளி என்று சொன்னால், செத்துப் போ. பெற்ற மகளின் பக்கத்தில் நின்று, பெற்ற தகப்பன் அதையா சொல்வது?

நாக்கை மேலே வளைத்தார். "விளி." இன்னும் உள்ளே இழுத்தார். "வியி." விரலை வாய்க்குள் விட்டு நாக்கைத் தூக்கிப் பிடித்துக்கூடப் பார்த்தார். எச்சில் வழிந்ததுதான் மிச்சம். மனைவியின் குரலைப் போனில் பதிந்து எடுத்துக்கொண்டு போகலாமென்றால், அந்த அறைக்குள் போனை விடமாட்டார்கள். திரும்பிப் போய் வேறு பெயர் கேட்கலாம். கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். ரத்தம் சுண்டிக் கிடப்பவளிடம் போய் இந்த அர்த்தத்தைச் சொல்ல அவருக்கு நெஞ்சு வரவில்லை.

கையைக் கழுவி, அவர்கள் கொடுத்த அங்கியை மாட்டிக்கொண்டு பெட்டி முன்னால் போய் நின்றார். குழந்தை ஒரு முழம்கூட இருக்கமாட்டாள். மூக்கில் குழாய். நெஞ்சுக்கூடு ஏறி இறங்குவதைப் பார்க்கப் பார்க்க அவருக்கே மூச்சு முட்டியது.

"கூப்பிடுங்க சார், ஏன் வாயடைச்சு நிக்கிறீங்க?" என்றாள் நர்ஸ். அறையின் அந்தக் கோடியில், இன்னொரு பெட்டிக்குள் இரண்டு கையையும் விட்டு, ஒரு குழந்தைக்குக் குழாய் மாற்றிக்கொண்டிருந்தாள். "வெக்கமா? என்ன பேரு வச்சிருக்கீங்க?"

"இனிமேதான் சிஸ்டர்," என்று மழுப்பினார். பெட்டியின் பக்கவாட்டில் கை நுழையும் வட்டத் திறப்பின் அருகே குனிந்து, "கண்ணு... தங்கம்..." என்றார். 

அப்போது அந்த நெஞ்சுக்கூடு நின்றது.

முதலில் தன் கண்தான் ஏமாற்றுகிறது என்று நினைத்தார். கருவி கத்தத் தொடங்கியது. குழந்தையின் உதட்டைச் சுற்றி நிறம் மாறியது.

"சிஸ்டர்!"

"கையெடுக்க முடியல சார்! நீங்களே காலைச் சுண்டுங்க! சுண்டிட்டுக் கூப்பிடுங்க!"

கையை உள்ளே விட்டு, அந்தத் துக்கடா உள்ளங்காலைச் சுண்டினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி சுண்டினார்.

"கூப்பிடுங்க சார்! சத்தமா!"

"விளி!" என்று கத்தினார். வாயிலிருந்து வந்தது என்னவென்று அவர் காதுக்கே கேட்டது.  ஆனாலும் நிறுத்த முடியவில்லை, அவரிடம் வேறு பெயர் இல்லை. "விளி! ஏ விளி! அப்பா கூப்பிடறேன்! விளிம்மா!"

கால் வெடுக்கென்று உதறியது. நெஞ்சுக்கூடு ஒரு தூக்குத் தூக்கி, இறங்கி, மறுபடி ஏறியது. கருவி வாயை மூடிக்கொண்டது. குழந்தை முகத்தைச் சுளித்து, எவன்டா இப்படிக் கத்துகிறவன் என்பது போல ஒரு பக்கத்து இமையை இம்மியளவு திறந்து மூடினாள்.

பிழையார் தரையில் உட்கார்ந்து விசும்பி விசும்பி அழுதார். வந்து குழந்தையைச் சரிபார்த்த நர்ஸ், அவருக்கும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "நல்லாக் கூப்பிட்டீங்க சார். பக்கத்துக் கட்டடமே முழிச்சிருக்கும்," என்று சொல்லிவிட்டு, பேனாவை எடுத்து அட்டையில் தன் காதில் விழுந்தபடியே எழுதினாள்: விளி.

அவர் கை, பழக்க தோஷத்தில் சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனாவுக்குப் போனது. மூடியைக்கூடக் கழற்றிவிட்டார். அப்போதுதான் அந்த அகராதிப் பக்கம் முழுசாகக் கண்முன் வந்தது. விளித்தல் என்றால் கூப்பிடுதல். இறப்புக்கு அடுத்த வரியில்தான் இருந்தது, அதற்கும் அவரேதான் மெய்ப்புப் பார்த்திருந்தார். இருந்தாலும் பயம் விட்டபாடில்லை. போன மூச்சைத் திரும்பக் கொண்டுவந்த எழுத்து, அதில் கை வைக்கலாமா? மூடியை மாட்டினார். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு பிழையைப் பார்த்துக்கொண்டே விட்டுவிட்டு மாடிக்கு வந்தார்.

"சொன்னீங்களா?" என்று கேட்டாள் மனைவி.

"சொன்னேன்."

"ழ வந்துச்சா?"

"அது வரல." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மூச்சு வந்துச்சு."

என்ன நடந்தது என்று அவள் துருவிக் கேட்பதற்குள் அவர் எழுந்துவிட்டார்.

"இப்பத்தானே வந்தீங்க, அதுக்குள்ள எங்க?"

"கூப்பிட," என்றார். "மறந்துடுவா."