குப்பியை மாற்றிய தங்கச்சி

சர்க்கரை வியாதிக்காரியான கிருஷ்ணவேணியை நிறைமாத இடுப்பு வலியோடு ஆஸ்பத்திரியில் சேர்த்ததிலிருந்து, அவள் தங்கை வடிவாம்பாளுக்கு ஒரே வேலைதான்: அக்காவின் மூத்திரத்தைக் குப்பியில் பிடித்து நர்ஸ் கமலாட்சியிடம் கொடுப்பது. நர்ஸ் நீல மருந்தில் சில சொட்டுகள் விட்டு ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவாள். நீலம் மாறாவிட்டால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், செங்கல் என்று நிறம் ஏற ஏற இன்சுலினும் ஏறும்.

போன தடவை செங்கல் நிறம் வந்தது.

"இது மட்டமான சாயம் நர்சம்மா. எங்கப்பா இத்த வாய்க்கால்ல கொட்டிடுவாரு" என்றாள் வடிவு. பட்டுக்குச் சாயம் போடுகிறவர் மகள், சும்மா இருப்பாளா?

"நானும் கொட்டிடறேன். ஊசி போடணும், வழிய வுடு."

ஊசியைக் கண்டு அக்கா அழுதது வடிவுக்குப் பொறுக்கவில்லை. அடுத்த தடவை குப்பியோடு கொல்லைப் பக்கம் போய்வந்தாள்.

மருந்து கொதித்தது. நீலம் நீலமாகவே நின்றது. வடிவு சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"சர்க்கரையே இல்லியே! டாக்டரம்மா சொன்னாப்பல இன்சுலின நிறுத்திட்டு, குளுகோஸ ஜாஸ்தியா ஏத்தணும்."

"சர்க்கரை இருந்துக்கினே குளுகோஸ ஏத்தினா?"

"தாய்க்கும் ஆபத்து, புள்ளைக்கும் ஆபத்து. ஏன் கேக்கற?"

வடிவு நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நர்சம்மா… அது அக்காவோடது இல்ல."

"பின்ன யாரோடது?"

"அக்காவோட… தங்கச்சியோடது."

நர்ஸ் காதைத் திருகிய திருகலில் வடிவு அக்காவின் கட்டிலுக்கே ஓடினாள். இந்தத் தடவை அசல் குப்பி வந்தது. அதே செங்கல் நிறம். ஊசி ஏறியது. அக்காவோடு சேர்ந்து வடிவும் அழுதாள்.

விடிவதற்குள் கொழுகொழுவென்று ஆண் குழந்தை பிறந்தது.

"சர்க்கரைக்காரிக்குப் பொறந்த புள்ள, இதுக்கு ஒடனே சர்க்கரை எறங்கிடும். குளுகோஸ் தண்ணி குடுக்கணும்" என்றாள் நர்ஸ்.

கதவோரம் நின்ற வடிவின் அம்மா பதறினாள். "கொஞ்சம் பொறும்மா! தென்னேரிலேர்ந்து கைலாசம் பெரியப்பா வந்துக்கினு இருக்காரு. மொதல்ல நாக்குல தொட்டு வெக்கறவங்க கொணம்தான் புள்ளைக்கு வரும்."

"பெரியப்பா வர்ற வரைக்கும் புள்ள தாங்காது." நர்ஸ் குழந்தையை வடிவின் மடியில் வைத்து, கையில் ஸ்பூனைக் கொடுத்தாள்.

"ஐயையோ, இவ கொணமா!"

குழந்தை சப்புக் கொட்டிக் குடித்தது. குடித்த கையோடு வடிவின் பாவாடையை நனைத்தது.

நர்ஸ் ஈரத்தைப் பார்த்தாள், வடிவைப் பார்த்தாள். "இது யாரோடது?"

"சத்தியமா புள்ளையோடதுதான், நர்சம்மா!"