கை போன பக்கம்

…கை எந்தப் பக்கம் போனது, அதைத்தான் அழகுமலை இப்போது யோசிக்க வேண்டும், வரிசையாக யோசிக்க வேண்டும், முதலில் புழுதி தெரிந்தது, பிறகு புழுதிக்குள் ஒரு நீலச் சட்டை, மற்ற சைக்கிள்காரர்களை எல்லாம் எங்கோ பின்னால் விட்டுவிட்டுத் தனியாக வந்தவன், டயருக்கடியில் சரளைக்கல் பொரிகிற சத்தம், வழிகாட்டும் மோட்டார் சைக்கிள் மணலில் புதைந்துவிட்டதாக வயர்லெஸ்ஸில் யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள், அம்புக்குறிப் பலகையைக் காற்று குப்புறத் தள்ளியிருந்தது, அதைத் தூக்கக் குனிந்தவன் நிமிர்ந்தபோது நீலச் சட்டைக்காரன் எதிரே நின்றான்… இல்லை, நிற்கவில்லை, வேகத்தைக் குறைத்து இவன் முகத்தைப் பார்த்தான், இவன் கையை நீட்டினான். நீட்டியதில் சந்தேகமில்லை. பாதை இங்கே இரண்டாகப் பிரிகிறது, ஒன்று பந்தயம் முடிகிற இடத்துக்கு, மற்றது ஒட்டகப் பண்ணைக்கு, வேலியோடு சரி, அதற்கப்புறம் வழியே கிடையாது. நீலச் சட்டைக்காரன் போனது பண்ணைப் பக்கம். அவனாகப் போனானா, இவன் காட்டிப் போனானா?

வளைகுடாவுக்கு வந்ததிலிருந்து, முசஃபா லாரி யார்டில் இவனுக்கு வருஷக்கணக்காக இதுதான் வேலை, பின்னோக்கி வருகிற ட்ரெய்லருக்குச் சிக்னல் கொடுப்பது, ட்ரெய்லரின் வால் இந்தப் பக்கம் வர ஸ்டியரிங்கை அந்தப் பக்கம் ஒடிக்க வேண்டும், அவர்கள் யார்டில் சிக்னல்மேன் கை காட்டுவது ஸ்டியரிங்குக்கு, அதாவது வண்டி போகவேண்டிய திசைக்கு நேர் எதிரே… சேர்ந்த புதிதில் குழம்பிக் குழம்பி ஒரு சுவரையே இடிக்க வைத்தான், அப்போது டிரைவர் உஸைர் சொன்னார், “சோச்சோ மத், பாய்,” யோசிக்காதே, கை தானாகப் போகட்டும் என்று. அதற்கப்புறம் யோசித்ததே இல்லை. இன்று காலையில் இந்தப் பந்தயத்துக்கு ஆள் வேண்டுமென்று யார்டிலிருந்து கூட்டிவந்து, ஃபோர்மேன் மணிமாறன் இவனுக்கு மஞ்சள் கோட்டை மாட்டிவிட்டு, “கை காட்டுற டூட்டிதானடா, உனக்குத் தெரியாததா” என்றார், அப்போதாவது யோசித்திருக்கலாம்… கை தானாகப் போயிருக்குமோ? நீட்டிப் பார்த்தான். ட்ரெய்லர் என்று நினைத்தால் ஒரு பக்கம் போகிறது, சைக்கிள் என்று நினைத்தால் இன்னொரு பக்கம், அந்த நேரத்தில் எதை நினைத்தான்?

“அழகு, நீலச் சட்டை உன் பாயிண்ட்டத் தாண்டிட்டானா?” வயர்லெஸ்ஸில் மணிமாறன்.

“தாண்டிட்டாண்ணே.”

“அடுத்த பாயிண்ட்ல ஆளக் காணோம்ங்கிறான். எந்தப் பக்கம் விட்ட?”

அவனாகப் போனான் என்று சொல்லிவிடலாம், பார்த்தவர் யாருமில்லை, அடுத்த மாதம் லீவு வேறு இவர் கையில்தான் இருக்கிறது, ஆனால் அந்த முகம், உப்புப் பூத்த கன்னம், வெடித்த உதடு, காலையிலிருந்து மிதித்து மிதித்து முன்னால் வந்தவன் ஒரே ஒரு முறை பார்த்து நம்பினானே… தூரத்தில் அடுத்த கூட்டத்தின் புழுதி பெரிதாகிக்கொண்டிருந்தது, அவர்கள் வருவதற்குள் அவன் திரும்பாவிட்டால் மிதித்ததெல்லாம் போச்சு.

“பண்ணைப் பக்கம் போயிட்டாண்ணே. நான்தான் காட்டினேன்னு… நினைக்கிறேன்.”

“நினைக்கிறியா? ஏண்டா, சைக்கிளையும் ரிவர்ஸ் எடுக்க வச்சிட்டியா? சரி, கார் அனுப்புறேன். வேற எவனையும் எங்கயும் அனுப்பிராத.”

கார் வருவதற்கு முன்பே நீலச் சட்டை வந்துவிட்டது, வேலியைப் பார்த்துத் திரும்பியிருப்பான், அந்தப் பக்கம் கூட்டத்தின் புழுதி, இந்தப் பக்கம் அவன் ஒருவனின் புழுதி, மறுபடியும் அதே முகம் இவனைப் பார்க்கிறது, காட்ட வேண்டும், எந்தக் கையை… யோசித்தால் குழம்புகிறது, யோசிக்காவிட்டால் அது பாட்டுக்குப் போய்விடும். இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு, போகவேண்டிய பாதையில் அழகுமலையே ஓடினான், சரளையில் செருப்பு வழுக்க வழுக்க ஓடினான், பின்னால் டயர் சத்தம் நெருங்கி, உரசுகிற மாதிரி வந்து, தாண்டிப் போனது. தாண்டும்போது அவன் ஒரு கையைத் தூக்கினான். நன்றியா, திட்டா, இதுதான் பாதையா என்ற கேள்வியா? கூட்டம் வந்து, அவன் புழுதியைப் பார்த்துத் தானாகவே இந்தப் பக்கம் திரும்பிக் கடந்தது, இவன் ஓரமாக மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான், கைகள் இன்னும் பைக்குள்தான் இருந்தன… அவன் தூக்கியது எந்தக் கை? இவன் இப்போதுதான் பார்த்தான், கண்ணுக்கு முன்னால்தான் தூக்கினான், அதையும் இவனுக்குச் சொல்ல வரவில்லை.