கால் சொல்லட்டும்

எங்கள் குழாய்ப் பிரிவில் கொக்கு என்றால் என் மச்சான்தான். தெருவில் குடிநீர்க் குழாய் வெடித்தால், நாங்கள் மற்றவர்களெல்லாம் மேலே நின்று யார் முதலில் இறங்குவது என்று பஞ்சாயத்து பேசிக்கொண்டிருப்போம். அதற்குள் இவன் குழிக்குள் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருப்பான். இன்னொரு காலால் சேற்றைத் துழாவி ஓட்டையைத் தேடுவான். கை போடுவதெல்லாம் அப்புறம். பூட்ஸுக்கு வெளியே நூல் அளவு தண்ணீர் பீய்ச்சினாலும் போதும், “இங்கதான்” என்பான். அங்கே தோண்டினால் ஓட்டை இருக்கும். பூமிக்கு அடியில் எறும்பு தும்மினால்கூட அவன் காலுக்குக் கேட்கும் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். கொஞ்சம் கூடுதல்தான். எறும்புக்குச் சளி முற்றியிருந்தால் ஒழியக் கேட்காது.

நாங்கள் முதலில் கூட்டாளிகள். அப்புறம்தான் அவன் தங்கையை நான் கட்டிக்கொண்டது. அதனால் மச்சான், மாப்பிள்ளை என்ற முறையெல்லாம் இருந்தாலும் பேச்சு என்னவோ நீ, வா, போதான்.

அவன் ஓய்வு பெற்ற கொஞ்ச நாளில் மனைவி இறந்துபோனாள். அந்த அம்மாள் இருந்தவரை அந்த வீட்டுச் சண்டையைக் கேட்டுத்தான் தெருவே நேரம் தெரிந்துகொள்ளும். காப்பிச் சண்டை முடிந்தால் பள்ளிக்கூட வண்டி வரப்போகிறது என்று அர்த்தம். அவள் போன பிறகு அந்த வீட்டில் சுவர்களுக்கே பேச்சு மறந்துவிட்டது. மகள் தையல் கூடத்துக்கு வேலைக்குப் போனால் பொழுது சாயத்தான் வருவாள். அதுவரை இவன் ஜன்னலோர நாற்காலியில் கிடப்பான். இவன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறானா, நாற்காலி இவன் மேல் உட்கார்ந்திருக்கிறதா என்று சட்டென்று சொல்ல முடியாது.

ஒருநாள் போனபோது சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. ஊரின் பாதிக் குழாய்களை அடைத்தவன் வீட்டில்!

“என்ன மச்சான், ஒரு வாஷர் மாத்தினா போச்சு. கை வரலையா?”

“இருக்கட்டும் மாப்பிள்ளை. வீட்ல யாராவது ஒருத்தர் பேசிக்கிட்டு இருக்கணும்ல.”

குழாயை இறுக்கப் போன கையை எடுத்துக்கொண்டேன்.

அந்த நிலைமையில்தான் செடிப் பண்ணைக்காரர் கூப்பிட்டு அனுப்பினார். ஊர் ஓரத்தில் பெரிய பண்ணை. கன்றுகளுக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாய்கள் கொடி மாதிரி ஓடும். தினம் ஏதாவது ஓர் இடத்தில் கசியும். பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், திங்கட்கிழமையிலிருந்து வர முடியுமா என்று கேட்டிருந்தார்.

மச்சான் அன்று முகம் மழித்துக்கொண்டான். நாற்காலியை அவனே தூக்கி மூலையில் போட்டான். சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றினான். நான் அதைத் திறந்து மூடிப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை.

மகள்தான் குறுக்கே நின்றாள். அவனுக்குச் சர்க்கரை. டாக்டர் காலைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்.

“பண்ணை பூரா சேறும் தண்ணியும் மாமா. கால் நாள் முழுக்க ஊறிச்சுன்னா புண்ணு வரும். வந்தா ஆறாது. அப்புறம் விரலை எடுக்கணும்பாங்க. அம்மாவ விட்டாச்சு. இவரையும் என்னால துண்டு துண்டா விட முடியாது.”

“நல்ல பூட்ஸ் போட்டா ஊறாதும்மா” என்றான் மச்சான், பள்ளிக்கூடத்துக்குப் போக அடம் பிடிக்கும் அபூர்வப் பிள்ளை மாதிரி.

அவள் கொஞ்ச நேரம் அவன் மழித்த முகத்தையே பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“சரி. தண்ணியே உள்ள போகாத பூட்ஸ் கிடைச்சா போகட்டும். கிடைக்கலேன்னா வீட்லதான். மாமா, நீங்களும் கூடப் போங்க. ஆனா கதை விடக் கூடாது.”

“பூட்ஸ் விஷயத்துல என் வாயில பொய்யே வராதும்மா.”

“அதுவே ஒரு பொய்” என்றாள்.

சனிக்கிழமை கிளம்பினோம். கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோதுகூட நான் இவ்வளவு அலையவில்லை. முதல் கடையில் பளபளவென்று ஒன்றைக் காட்டினார்கள். மச்சான் கையில் வாங்கி வளைத்ததும் அடிப்பாகம் வாயைப் பிளந்தது. வெறும் பசையில் ஒட்டியது. “இது போட்டுக்கிட்டு நடக்க இல்ல, கும்பிட்டு வைக்க” என்று திருப்பிக் கொடுத்தேன். அடுத்த கடையில் முழங்கால் வரை வரும் முழு ரப்பர். தண்ணீர் உள்ளே வராது, நிஜம்தான். ஆனால் வேர்வை வெளியே போகாது. நாள் முழுக்கப் போட்டால் வெளியே வெயிலடிக்கும்போதே உள்ளே மழை பெய்யும். இரண்டு மணி நேரக் குழிக்கு அது சரி. தினசரிப் பிழைப்புக்கு ஆகாது.

மூன்றாவது கடைக்காரர் விஷயம் தெரிந்தவர். மூக்கின் நுனியில் தொங்கிய கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்துவிட்டு, கணுக்காலுக்கு மேல் ஏறும் தோல் பூட்ஸ் ஒன்றை எடுத்து வைத்தார். அடி தைத்தது. தையல் மேல் மெழுகு. அடியில் சேறு பிடித்துக்கொள்ளாத ஆழமான வரிகள். மச்சான் கயிற்றை அவிழ்த்து அதன் அடியில் இருக்கும் தோல் நாக்கை இழுத்துப் பார்த்தான். அது இரண்டு பக்கமும் மேல்வரை சேர்த்துத் தைத்திருந்தது.

“இதான் முக்கியம். நாக்கு வழியாத்தான் முதல்ல தண்ணி உள்ள வரும்” என்றான்.

“நாக்காலதான் எல்லாக் கேடும் வரும். உன் தங்கச்சியக் கேட்டா என்னைக் காட்டுவா.”

கடைக்காரர் வலது பூட்ஸில் திணித்திருந்த காகிதத்தை உருவிக்கொண்டிருக்கும்போதே இவன் இடதை மாட்டி முடித்துவிட்டான். எழுந்து நின்றான். நடந்தான். கடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, தரை அதிர, ஒரு ராணுவமே போவது மாதிரி நடந்தான்.

“பெருவிரலுக்கு முன்னாடி இடம் இருக்கா பாருங்க. இல்லேன்னா ஒரு அளவு கூட்டித் தர்றேன்” என்றார் கடைக்காரர்.

“இருக்குங்க. வீடு கட்டி வாடகைக்கு விடலாம்.”

“கடிக்குதா?”

“பூட்ஸா இது? பூ!”

அவன் இப்படிச் சிரித்து எத்தனை நாள் ஆயிற்று என்று யோசித்தேன். கண்ணாடியில் தன் காலைப் பார்த்துக்கொண்டே நின்றான். அடியில் அழுக்குப் படாமல் இருந்தால் திருப்பி எடுத்துக்கொள்வதாகக் கடைக்காரர் சொன்னார். திருப்புகிற எண்ணமே எங்களுக்கு இல்லை.

எங்கள் பிரிவில் புது பூட்ஸ் வந்தால் ஒரு வழக்கம் உண்டு. சாமான் கொட்டகைக்குப் பின்னால் பாதியாக அறுத்த ஒரு பீப்பாய் கிடக்கும். அதில் கணுக்கால் வரை தண்ணீர் நிரப்பி, புது பூட்ஸோடு ஏறி நிற்க வேண்டும். கையில் சுடச்சுட ஒரு தம்ளர் டீ. டீ தீரும் வரை குனியக் கூடாது, கழற்றக் கூடாது. தீர்ந்ததும் மேஸ்திரி “கால் என்ன சொல்லுது?” என்று கேட்பார். “காய்ஞ்சிருக்கு” என்றால் பூட்ஸ் பாஸ். அவ்வளவுதான். காலுறையைத் தொட்டுப் பார்க்கிற பேச்சே கிடையாது. தொட்டுப் பார்த்தால் அது காலை அவமானப்படுத்துவதாக எங்களுக்கு நினைப்பு. நீதிபதி தீர்ப்பு சொன்ன பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று பியூனிடம் ஒரு தடவை கேட்பது மாதிரி.

வீட்டுக்கு வந்ததும் கொல்லைப்புறத்தில் துணி அலசும் பெரிய பேசினை இழுத்துப் போட்டேன். தண்ணீர் நிரப்பினேன். மச்சான் வேட்டியை மடித்துக் கட்டி, புது பூட்ஸோடு மாலை மரியாதையை எதிர்பார்க்கிற தலைவர் மாதிரி ஏறி நின்றான். மகள் டீ கொண்டு வந்து கொடுத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

டீ பாதி ஆகியிருக்கும். இடது பூட்ஸின் பக்கத் தையலிலிருந்து ஒரு குமிழி கிளம்பி மேலே வந்து உடைந்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் கோத்துவிட்டது மாதிரி வரிசையாக.

குழாய்க்காரனுக்குக் குமிழியைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டாம். காற்று வெளியே வருகிற இடத்தில் தண்ணீர் உள்ளே போகிறது. இந்தக் கணமோ அடுத்த கணமோ “அய்யோ” என்று துள்ளுவான் என்று நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் டீயை ஊதிக்கொண்டிருந்தான்.

“மச்சான், கால் என்ன சொல்லுது?”

“காய்ஞ்சு கிடக்கு மாப்பிள்ளை. பாலைவனம்.”

எனக்கு உள்ளுக்குள் குஷி. பொய் சொல்கிறான்! இத்தனை வருஷம் என்னோடு திரிந்ததற்கு இப்போதாவது என் வித்தை ஒட்டிக்கொண்டதே. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை, குரலில் ஒரு பிசிறு இல்லை. பண்ணைக்குப் போக வேண்டும் என்ற ஆசையில் மனுஷன் குளிர்ந்த தண்ணீரில் ஊறிக்கொண்டே பாலைவனம் என்கிறான். எனக்கே சொல்லிக்கொடுப்பான் போலிருக்கிறதே என்று வியந்து போனேன்.

டீ தீர்ந்தது. அவன் தம்ளரைக் கவிழ்த்துக் காட்டினான்.

“பாஸ்!” என்றேன்.

மகள் எழுந்து வந்தாள். “கால் சொன்னது இருக்கட்டும். காலுறை என்ன சொல்லுதுன்னு பாப்போம். கழட்டுங்க.”

“அந்த வழக்கமே கிடையாதும்மா” என்றேன் அவசரமாக.

“இந்த வீட்ல உண்டு.”

மச்சான் எதிர்ப்பு சொல்லவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, “பாரு, நல்லாப் பாரு” என்று சிரித்துக்கொண்டே காலை நீட்டினான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. மாட்டிக்கொள்ளப் போகிற பொய்க்காரன் அப்படிச் சிரிக்க மாட்டான். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

வலது பூட்ஸ் கழன்றது. காலுறை உலர்ந்திருந்தது. “பாத்தியா!”

இடதை இழுத்தாள். கொடகொடவென்று தண்ணீர் அவள் மடியில் கொட்டியது. பின்னாலேயே, பூட்ஸின் நுனியிலிருந்து, ஊறிப்போன காகிதப் பந்து ஒன்று தரையில் விழுந்தது. கடையில் திணித்து வைத்த காகிதம். அதோடுதான் கடை முழுக்க நடந்திருக்கிறான். அதோடுதான் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறான்.

பழக்க தோஷம், முதலில் நான் சிரித்துவிட்டேன். “என்ன மச்சான், பூட்ஸுக்குள்ள பேப்பர் படிக்கிறியா?”

யாரும் சிரிக்கவில்லை. அவன் குனிந்து காலைப் பார்த்தான். சொட்டச் சொட்ட நனைந்த காலுறை. அதைக் கையால் தொட்டான். விரலைத் தேய்த்துப் பார்த்தான். மறுபடி தொட்டான். கூடவே பிறந்து வளர்ந்தவன் ஒருநாள் தெருவில் தெரியாத ஆளைப்போலக் கடந்து போனால் எப்படிப் பார்ப்போம், அப்படிப் பார்த்தான்.

“மாப்பிள்ளை, தண்ணி ஜில்லுன்னா இருக்கு?”

நான் பேசினில் கையை விட்டேன். “ஆமா மச்சான். ஜில்லுன்னுதான்.”

மகள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. காலுறையை மெல்ல உருவினாள். காகிதம் அழுத்திய இடத்தில் பெருவிரல் ஓரம் தோல் சிவந்து உரிந்திருந்தது. துண்டை எடுத்து ஒவ்வொரு விரல் இடுக்கிலும் ஒற்றி ஒற்றித் துடைத்தாள், குழந்தைக்குத் துடைப்பது மாதிரி.

“வலிக்குதாப்பா?”

“இல்லம்மா.”

அந்த ‘இல்லை’யைக் கேட்டதும்தான் அவள் அழுதாள்.

பூட்ஸில் தப்பு ஒரு தையல்தான். மாற்றிக் கேட்டால் கடைக்காரர் வேறு ஜோடி கொடுத்திருப்பார். அது பேச்சில்லை என்று மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. நாளைக்கு ஒரு முள், நாளன்றைக்கு ஒரு கல் உள்ளே போனால் இந்தக் கால் சொல்லாது. பூமிக்கு அடியில் ஓட்டை கண்டுபிடித்த கால்.

மச்சானே பேச்சை எடுத்தான்.

“பண்ணைக்காரர்கிட்ட நீ போய்ச் சொல்லிடு மாப்பிள்ளை. கால் செத்துப் போச்சுன்னு மட்டும் சொல்லாத.”

“வேற என்ன சொல்ல?”

“அத எங்கிட்ட கேக்குற? பொய்ல நீ சமுத்திரம். நல்ல பெரிய பொய்யா ஒண்ணு சொல்லு.”

திங்கட்கிழமை காலையில் போனேன். வாழ்நாளில் சொன்ன அத்தனை பொய்க்கும் தலையான பொய் ஒன்றை அவிழ்த்து விட்டேன். தலைமைப் பம்பிங் நிலையத்தில் ஒரு கசிவு, எந்த இயந்திரத்தாலும் கண்டுபிடிக்க முடியவில்லை, பெரிய இன்ஜினியரே வீடு தேடி வந்து, “நீங்க காலை வெச்சாத்தான் ஆச்சு” என்று மச்சானை ஜீப்பில் கூட்டிக்கொண்டு போய்விட்டார் என்றேன். பண்ணைக்காரர் வாயைப் பிளந்தார். “அப்பேர்ப்பட்ட ஆளா! நமக்குக் கொடுத்து வைக்கலையே” என்றார். அவருக்குப் பின்னால், கன்றுகளுக்கு நடுவில், ஒரு குழாய் கசிந்து சேறாகிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்காமல் திரும்பி வந்தேன்.

மச்சான் நாற்காலியை மறுபடி ஜன்னலோரம் போட்டிருந்தான். பெருவிரலில் மருந்துக் கட்டு. கால்களைத் தலையணை மேல் நீட்டியிருந்தான். ஜன்னல் மேடையில் இடது பூட்ஸ் நாக்கைத் தொங்கப் போட்டுக் காய்ந்துகொண்டிருந்தது.

“என்ன சொன்ன?”

சொன்னேன். ஒன்று விடாமல், போகிற போக்கில் இன்னும் கொஞ்சம் சேர்த்து. அவன் கண்ணை மூடிக் கேட்டான்.

“ஜீப் வேண்டாம் மாப்பிள்ளை. கார் அனுப்பினாங்கன்னு சொல்லியிருக்கலாம்.”

“அடுத்த தடவை கார்.”

“கசிவு கிடைச்சுதா?”

“பின்ன? நீ ஒத்தக்கால்ல நின்ன. இன்ஜினியர் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். ‘இங்கதான்’ன்ன. தோண்டினா, ஊசிமுனை ஓட்டை.”

“ஊசிமுனையா?”

“அதுல பாதி.”

மச்சான் சிரித்தான். சிரித்துக்கொண்டே, அப்புறம் இன்ஜினியர் என்ன சொன்னார் என்று கேட்டான். ஓர் ஈ பறந்து வந்து அவன் இடது கால் சுண்டுவிரலில் உட்கார்ந்தது. அங்கிருந்து பாதத்தின் நடுவுக்கு நடந்து போனது. நின்று கையைத் தேய்த்துக்கொண்டது. மறுபடி நடந்தது. அவன் என் முகத்தையே ஆவலாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் பேச்சை நிறுத்தாமலே கையை நீட்டி அதை விரட்டினேன். இன்ஜினியர் என்ன சொன்னார் என்பதைச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.