முதுகில் படும் பார்வை

திடீரென்று திருந்துகிற ஆளை நான் நம்புவதில்லை. என் மாப்பிள்ளை திடீரென்று திருந்தினார்.

எங்களுடையது பூட்டுக் கடை. தாத்தா தொடங்கினார், அப்பா நடத்தினார், இப்போது நான். இந்தக் கடைவீதியில் பாதி வீடுகளின் மாற்றுச் சாவி எங்கள் இரும்பு அலமாரியில் தொங்குகிறது. கொடுத்தவர்கள் யாரும் ரசீது கேட்டதில்லை. குடும்பத்தின் பேர்தான் ரசீது. எனக்கு மகன் இல்லை, ஒரே மகள். அவள் கணவர்தான் கடையில் வேலை மேஜைக்கு முன்னால் உட்காருகிறார். நாற்பதைத் தாண்டியவர், குணத்தில் தங்கம், கவனத்தில் காற்றாடி. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, அதையே மேஜைக்கு அடியில் குனிந்து தேடுவார். தையல்காரரின் சாவியை வக்கீலுக்கும் வக்கீலின் சாவியைத் தையல்காரருக்கும் கொடுத்தனுப்பி, இருவரையும் அவரவர் வாசலிலேயே நிற்க வைத்தவர்.

அப்படிப்பட்டவர் சில மாதங்களாகக் கடை திறப்பதற்கு முன்பே, பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எங்கோ போய்வர ஆரம்பித்தார்.

"யோகா கிளாஸ், மாமா. கவனம் ஒரே இடத்துல நிக்கப் பழகித் தர்றாங்க."

"நம்ம வேலையில கிடைக்காத கவனம் பாயில கிடைக்குமா, மாப்பிள்ளை?"

அவர் சிரித்துவிட்டுப் போனார். ஆனால் திருகாணி கீழே விழுவது நின்றது. சாவி ஆள் மாறிப் போவது நின்றது. மூச்சை இழுத்து நிதானமாக விட்டுக்கொண்டு வேலை செய்தார். இன்னொருவராக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். நான் அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். ஒரு மனிதன் வாயைத் திறக்காமல் நிதானமாகிறான் என்றால், உள்ளே ஏதோ ஒரு முடிவு எடுத்துவிட்டான் என்று அர்த்தம்.

இந்த நேரம் பார்த்துத்தான் மருந்துக்கடை அம்மா வந்தார். கணவர் மாரடைப்பில் போய்விட்டார். கடையின் பின்னறைச் சுவரில் பதித்த பெட்டகத்தின் எண்கள் அவர் தலைக்குள்ளேயே தங்கிப்போயின. இப்போது கடையைக் காலி செய்தாக வேண்டும்.

"சனிக்கிழமைக்குள்ள திறந்து குடுங்க ஐயா. உங்களால முடியலைன்னா நான் டிரில்லைக் கூப்பிடறேன். எனக்கு வேற வழி இல்ல."

'டிரில்' என்பது அடுத்த தெருவில் கடை வைத்திருப்பவரின் பட்டப்பெயர். எந்தப் பெட்டகமாக இருந்தாலும் மெஷினை வைத்து ஓட்டை போட்டுவிடுவார். எங்கள் கடை மூன்று தலைமுறையாக ஒரு பெட்டகத்தையும் துளைத்ததில்லை. எண் வட்டைத் திருப்பும்போது, உள்ளிருக்கும் நெம்புகோல் சக்கரத்தின் பள்ளத்தைத் தொடும் இடத்தில், விரல் நுனிக்கு மயிரிழை அளவு ஒரு வித்தியாசம் தெரியும். அதைப் பிடித்துப் பிடித்து எண்களைக் கண்டுபிடிப்போம். டிரில் ஒரு முறை எங்கள் வாடிக்கையில் கை வைத்துவிட்டால், அப்புறம் "அவங்களாலேயே முடியலையாம்" என்ற பேச்சைத் தெருவிலிருந்து கூட்டித் தள்ள முடியாது.

நான்தான் திறந்திருக்க வேண்டும். ஆனால் என் விரல் நுனிகள் மரத்துவிட்டன. நரம்பு என்கிறார் டாக்டர். வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது. ஆக, குடும்பத்தின் பேர் அந்தக் காற்றாடியின் விரலில் வந்து தொங்கியது.

அந்த வாரம்தான் கடைச் சுவரில் இருந்த என் படத்தைக் காணவில்லை. கோட்டுப் போட்டு எடுத்த படம். அது இருந்த இடத்தில் வெளுத்த சதுரம் மட்டும் இருந்தது.

"கண்ணாடி விரிசல் விட்டிருச்சு மாமா. ஃப்ரேம் போடக் குடுத்திருக்கேன்."

ஃப்ரேம் கடைக்காரரிடம் நானே போய்க் கேட்டேன். "உங்க படமா? இங்க வரலையே" என்றார். வெளியே வந்து நின்றபோது, எதிர்ச்சாரியில் சலவைக்கடைக்கு மேலே போகும் மாடிப்படியில் இருந்து டிரில் இறங்கி வந்தார். அந்த மாடியில்தான் யோகா வகுப்பு.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மாப்பிள்ளை டிரில்லோடு சேரப்போகிறார். புதுக் கடையில் என் படத்தை மாட்டி, 'அதே பரம்பரை' என்று பலகை எழுதப்போகிறார்கள். சனிக்கிழமை வேண்டுமென்றே தோற்றுவிட்டு, அங்கேயே கை குலுக்கிக்கொள்வார்கள்.

மகளிடம் கேட்டேன். "உன் வீட்டுக்காரர் என் படத்தை எங்கம்மா கொண்டு போனார்?"

அவளுக்குப் பாத்திரம் கழுவுவதில் திடீர் ஆர்வம் வந்தது. "எனக்கென்னப்பா தெரியும்? அவரையே கேளுங்க" என்றாள், முகத்தைக் காட்டாமல். அப்படியானால் என் வீட்டிலேயே இரண்டு பேர்.

மறுநாள் காலை அவருக்குப் பின்னால் போனேன். சலவைக்கடையின் நீராவி படிக்கட்டு முழுக்க அடைத்திருந்தது. மேலே கதவருகில் நின்று எட்டிப் பார்ப்பதுதான் திட்டம். வகுப்பு நடத்தும் டீச்சர், நரை விழுந்த ஒல்லியான அம்மா, என்னைப் பிடித்துவிட்டார்.

"உள்ள வாங்க ஐயா. செருப்பை வெளியில விடுங்க. உங்களுக்கு என்ன தொந்தரவு?"

"எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை."

"அப்படிச் சொல்றவங்களைத்தான் நான் முன்னாடி உட்கார வைப்பேன். சரி, இன்னைக்கு மட்டும் கடைசி வரிசை."

உட்கார்ந்தேன். முழங்கால் இரண்டும் என்னைத் திட்டின. ஜன்னல்களில் திரை போட்டிருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு மெழுகுவர்த்தி. சுடரை இமைக்காமல் பார்க்க வேண்டுமாம். மனம் எங்கே ஓடினாலும் திட்டாமல் திரும்பக் கூட்டிவர வேண்டுமாம். நான் சுடரைப் பார்க்கவில்லை, ஆட்களைப் பார்த்தேன். சுவரோரம் டிரில் வெட்டிப்போட்ட மரம் மாதிரி மல்லாந்து கிடந்தார். என்னைக் கண்டதும் தலையை மட்டும் அசைத்தார்.

"வணக்கம் பெரியவரே. எந்திரிக்க முடியல, தப்பா நினைக்காதீங்க. மெஷினைப் பிடிச்சுப் பிடிச்சு இடுப்பு போச்சு."

பக்கத்துப் பாயில் இருந்த பருத்த பெண்மணி என்னை உற்றுப் பார்த்தார். பிறகு கிசுகிசுத்தார். "ஐயா, நீங்க அந்தப் படம்தானே?"

"எந்தப் படம்?"

"மூலையில இருக்கே, அது. நேர்ல இன்னும் கொஞ்சம் கோவமா இருக்கீங்க."

மூலையைப் பார்த்தேன். மாப்பிள்ளை முதுகை நிமிர்த்திச் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் மெழுகுவர்த்தி இல்லை. சுவரில் சாய்த்து வைத்த என் படம், கோட்டோடும் மீசையோடும் அவரை முறைத்துக்கொண்டிருந்தது. அவர் இமைக்காமல் அதை முறைத்துக்கொண்டிருந்தார்.

வகுப்பு முடியும்வரை காத்திருந்து, படிக்கட்டில் அவரை மறித்தேன்.

"என் படத்தை வச்சு என்ன பண்றீங்க மாப்பிள்ளை? பேய் ஓட்டறீங்களா?"

அவருக்கு முகம் வெளிறிவிட்டது. "ஐயோ, இல்ல மாமா."

"ஃப்ரேம் கடைன்னு சொன்னது?"

"பொய் மாமா."

"ஊருக்கெல்லாம் மெழுகுவர்த்தி. உங்களுக்கு மட்டும் நானா?"

மூச்சை உள்ளே இழுத்தார், விட்டார். கல்யாணமான நாளிலிருந்து என் முகத்தைப் பார்த்து அவர் நீளமாகப் பேசியது அன்றுதான்.

"மெழுகுவர்த்தியைப் பார்த்தா எனக்கு மனசு நல்லாவே நிக்குது மாமா. எப்ப சிதறுதுன்னு டீச்சர் கேட்டாங்க. யோசிச்சுப் பார்த்தேன். நீங்க வந்து பின்னாடி நிக்கறப்போ. முதுகுல என்னவோ ஊர்ற மாதிரி இருக்கும். கையில இருக்கறது தானா நழுவிரும். அப்ப அந்த முகத்தையே கொண்டு வாங்கன்னுட்டாங்க. முதல் நாள் படத்தைப் பார்த்தாலே வேர்த்துச்சு. இப்ப பரவாயில்ல."

ஒத்திகை பார்த்த பதில் போலத்தான் எனக்குப் பட்டது. வீட்டுக்குப் போய் மகளை நிறுத்திக் கேட்டேன். இந்த முறை அவள் முகத்தைத் திருப்பவில்லை.

"நீங்க பார்த்தா எனக்கே ஊசியில நூல் கோக்க வராதுப்பா. அவர் பூட்டுத் திறக்கணும். இதை உங்ககிட்ட யார் வந்து சொல்றது?"

கண்டிப்பு இல்லாமல் ஒரு கடை மூன்று தலைமுறை நிற்காது. நான் அதை அவளுக்கு விளக்கவில்லை. ஆனால் அன்று முழுவதும் கடையில் எங்கே நிற்பது என்று எனக்கே தெரியவில்லை.

சனிக்கிழமை மருந்துக்கடைப் பின்னறை. காலி அட்டைப்பெட்டிகள், மருந்து நெடி. முன்பக்கம் டிரில் மெஷின் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, இடுப்புக்குத் தலையணை கொடுத்து உட்கார்ந்திருந்தார். நான் வராமல் இருந்திருக்கலாம். ஆனால் "பெரியவர் வரலையா?" என்று கேட்பார்கள். அதோடு, படிக்கட்டில் கேட்ட கதையை நான் இன்னும் முழுதாக நம்பியிருக்கவில்லை. வந்தேன். வந்தவன் அவருக்குப் பின்னால் நிற்காமல், ஜன்னல் பக்கம் போய்த் தெருவைப் பார்த்து நின்றேன்.

எண் வட்டு சுற்றும் சத்தம் கேட்டது, நின்றது. மறுபடி முதலிலிருந்து. மறுபடி நின்றது. அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொள்ளும் சத்தம். மருந்துக்கடை அம்மா கடிகாரத்தைப் பார்த்தார்.

தோற்கிறார் என்று நினைத்தேன். திட்டம் போட்டுத் தோற்கிறார்.

"மாமா, அங்க நிக்காதீங்க."

"வெளியில போகணுமா?"

"இல்ல, பின்னாடி வாங்க. எப்பவும் நிக்கற இடத்துல. நீங்க ஜன்னல் பக்கம் நின்னா, எப்பத் திரும்பிப் பார்ப்பீங்களோன்னு மனசு அங்கேயே போகுது."

போய் நின்றேன். பாருங்கள் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை, அதனால் எப்படிப் பார்ப்பது என்று சற்றுத் திகைத்தேன். பிறகு பழக்கம் வந்துவிட்டது. அவர் பிடரியையும் விரல்களையும் முறைத்தேன். ஒரு தப்புக்காகக் காத்திருந்தேன். பிடரி அசையவில்லை. தோள்கள் மூச்சோடு மெதுவாக ஏறி இறங்கின. விரல் வட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது, தள்ளவில்லை.

டிரில் வாசலில் தலையை நீட்டினார். "நான் ஆரம்பிக்கட்டுமா பெரியவரே?"

அவரை ஒரு பார்வை பார்த்தேன். இடுப்பு வலியையும் மறந்து வேகமாகத் திரும்பிப் போனார்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் கால்கள் கெஞ்ச ஆரம்பித்தபோது, பெட்டகத்துக்குள் எதுவோ கனமாக விழுந்தது. மாப்பிள்ளை கைப்பிடியை இறக்கினார். கதவு விரல் நுழையும் அளவுக்கு விலகியது.

"அம்மா, இனி நீங்க வாங்க" என்றார்.

கதவு விலகியதும் நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். பெட்டகத்துக்குள் இருப்பதைப் பார்க்கும் கண் உடையவருடையது மட்டும். தாத்தா காலத்துக் கட்டளை. இருவரும் தோளோடு தோள் உரச, எதிர்ச் சுவரைப் பார்த்து நின்றோம். பின்னால் கதவு முழுதாகத் திறந்தது.  பிறகு அந்த அம்மாவிடமிருந்து ஒரு சின்னச் சத்தம். சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியவில்லை.

உள்ளே என்ன இருக்கிறதென்று மாப்பிள்ளை ஓரக்கண்ணால் பார்க்கிறாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம். லேசாகக் கண்ணைத் திருப்பினேன். அவர் சுவரில் ஒரு ஆணியை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா," என்றார், உதடு அசையாமல். "சுவத்தைப் பாருங்க."