ரெண்டு பெருசு, எட்டு சின்னது

தலையில் சோப்பு நுரையோடு நிற்கும்போது தண்ணீர் நின்றுபோனால் யாருக்கும் கோபம் வரும். குழாய் ரிப்பேர் செய்தே கிழவனான ஆளுக்கு வந்தால் கேட்க வேண்டாம். ஒரு வாரமாகத் தினமும் காலையில் குழாய்க்காரர் வீட்டுக்குத் தண்ணீர் போகும் வால்வை மொட்டை மாடியில் யாரோ மூடிக்கொண்டிருந்தார்கள்.

யாரோ என்ன யாரோ, எதிர்வீட்டு மீசைதான். மீசை ஒரு தையல்காரர். விடிந்ததும் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற மாடி ஏறுகிற ஒரே ஆள். குழாய்க்காரர் அவரைப் படிக்கட்டில் மறித்து, கட்டடமே கேட்கிற மாதிரி கத்தித் தீர்த்தார். மீசை வாயைத் திறக்கவில்லை. அதிலேயே சந்தேகம் உறுதியாகிவிட்டது.

குடியிருப்புத் தலைவர் வந்து தீர்ப்புச் சொன்னார். "ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு ஆதாரத்தோட வாங்க. இல்லேன்னா எல்லார் முன்னாடியும் அவர்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

குழாய்க்காரர் பிறந்ததிலிருந்து யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. மனைவியிடம்கூட. மனைவியிடம் முக்கியமாக.

மருமகன் விட்டுப்போன டிஜிட்டல் கேமரா அலமாரியில் இருந்தது. அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு தெருமுனை ஸ்டூடியோவுக்குப் போனார்.

"ஒரு கண்ணை மூடிட்டு, இந்த ஓட்டை வழியா பாருங்க ஐயா," என்றாள் ஸ்டூடியோக்காரம்மா.

அவர் இரண்டு கண்ணையும் மூடினார். ஒரு கண்ணை மட்டும் மூட அவருக்கு வராது. மூன்று முறை முயன்றதில் வாய் கோணியதுதான் மிச்சம்.

"சரி, விடுங்க. நடுவுல பச்சைக் கட்டம் தெரியும். அது எது மேல விழுதோ, அதுதான் தெளிவா இருக்கும். பட்டனைப் பாதி அமுக்குங்க, பீப்னு சத்தம் வரும். அப்புறம் முழுசா அமுக்குங்க."

"பாதி முறுக்குனா ஒழுகும்மா. நாப்பது வருஷத்துல நான் எதையும் பாதியில விட்டதில்லை."

சமையலறைக் குழாய் எட்டு மாதமாகச் சொட்டுவதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

அடுத்தது அப்பர்ச்சர். "வெளிச்சம் போற ஓட்டைன்னு வெச்சுக்குங்க. உங்க பைப்பு மாதிரி."

குழாய்க்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இது அவர் பேட்டை.

"ரெண்டுன்னு வெச்சா ஓட்டை பெருசு. எட்டுன்னு வெச்சா சின்னது."

"என்னது?"

"ரெண்டு பெருசு, எட்டு சின்னது."

"யாருகிட்ட கதை விடுற? ரெண்டு இஞ்சு பைப்புக்குள்ள எட்டு இஞ்சு பைப்பு நுழையுமா?"

"இது இஞ்சு இல்ல ஐயா. எட்டுல வெச்சா முன்னாடி இருக்கறதும் பின்னாடி இருக்கறதும் தெளிவா விழும். ரெண்டுல வெச்சா ஏதாவது ஒண்ணுதான். உங்களுக்கு எட்டுதான் சரி."

படித்தவர்கள் எப்போதும் தலைகீழாகச் சொல்லித்தான் பிழைக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். வெளியே வந்ததும் முதல் வேலையாக இரண்டுக்குத் திருகினார்.

சனிக்கிழமை விடிகாலை, நடக்கப் போவதாக மனைவியிடம் சொல்லிவிட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பதுங்கினார். எண் இரண்டில்தான் இருக்கிறதா என்று குனிந்து சரிபார்க்கும்போது செருப்புச் சத்தம் கேட்டது. கேமராவைத் தூக்கினார். பழக்கதோஷம், நேராக வால்வைக் குறிபார்த்தார். ஓரத்தில் மீசை நுழைந்தது. கண்கள் இரண்டும் தானாக மூடிக்கொண்டன. செருப்புச் சத்தம் வால்வுக்குப் பக்கத்தில் வந்து நின்றதும் ஒரே அமுக்கு, முழு அமுக்கு. சட்டென்று குனிந்து, மாடி காலியாகும்வரை தலையைத் தூக்கவில்லை.

பிறகு படத்தைப் பார்த்தார்.

ஓரத்தில் மீசை, புகை மாதிரிக் கலங்கி, பூவாளியோடு. அவருக்குப் பின்னால், கண்ணாடிபோல் தெளிவாக வால்வு. வால்வின்மேல் ஒரு கை. கையில் வளையல். வளையலுக்கு மேலே அவருடைய மனைவி.

அழிப்பது எப்படி என்று ஸ்டூடியோக்காரம்மா இன்னும் சொல்லிக்கொடுக்கவில்லை. கண்ட பட்டனையும் அமுக்கினார். மனைவி பெரிதானாள். இன்னும் அமுக்கினார். திரை முழுக்க வளையல்.

வீட்டில் கேமராவை மேஜைமேல் வைத்தார். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"நல்லா விழுந்திருக்கேன்," என்றாள். "எட்டு மாசமா அந்தச் சமையலறைக் குழாய் டொக் டொக்குனு உயிரை வாங்குது. 'நாளைக்கு, நாளைக்கு'ன்னே சொல்றீங்க. காலையில ஒரு மணி நேரமாச்சும் சத்தம் நிக்கட்டும்னு மூடினேன்."

"மீசைக்குத் தெரியுமா?"

"தெரியாம? வாய் நிறைய அக்கான்னு கூப்பிடுற தம்பி, என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டேன்னு ஏச்சையெல்லாம் வாங்கிக்கிட்டாரு."

ஞாயிறு கூட்டத்தில் தலைவர் கை நீட்டினார். "ஆதாரம் எங்கே?"

"சரியா விழல," என்றார் குழாய்க்காரர். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "மன்னிச்சுக்க," என்றார்.

"சுவத்துக்கிட்டயா அண்ணே?" என்று கேட்டார் மீசை.

கூட்டம் சிரித்து ஓய்ந்த பிறகு திரும்பி நின்று, மீசைக்கே நேராக இன்னொரு முறை சொன்னார். உயிரோடுதான் இருந்தார்.

"எனக்கு?" என்றாள் பின்வரிசையிலிருந்து மனைவி.

அவர் நேராக வீட்டுக்குப் போய் ஸ்பேனரை எடுத்தார். சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்ற நான்கு நிமிடம் ஆனது.

"என்ன அளவுங்க அது?" என்றாள் மனைவி, சும்மா.

"அரை இஞ்சு," என்றார். "நெசமான அரை இஞ்சு."